ஓய்வுக் கலோரிக் கணக்கு: நான் செய்த தவறும் திருத்தமும்

காரைக்குடியில் ஓர் உணவு ஆலோசனை மையத்தில் ஓய்வு வளர்சிதை வீதத்தை, அதாவது சும்மா இருக்கும்போது உடல் ஒரு நாளில் எரிக்கும் கலோரியை, மூச்சுக் காற்றை வைத்து அளந்தபோது 1,910 கிலோகலோரி என்று வந்தது. அந்த அளவுக்குச் சாப்பிடலாம் என்றார்கள். எனக்கு மகிழ்ச்சிதான். அன்று இரவே வெள்ளைப் பணியாரம் கூடுதலாக நாலு.

வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் உதைத்தது. இந்த வீதத்தை அளக்காமலே கணிக்க 1990இல் வந்த மிஃப்லின் சூத்திரத்தில் ஆண்களுக்கு எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, ஐந்து சேர்க்க வேண்டும். எனக்கு 70 கிலோ, 170 சென்டிமீட்டர், 40 வயது. விடை 1,568. சூத்திரம் சராசரிதான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் இவ்வளவா?

அறிக்கையைத் திரும்பப் பார்த்தேன். சுவாச ஈவு 1.04. வெளிவிடும் கரியமில வாயுவை, உள்ளே எடுத்த ஆக்சிஜனால் வகுத்து வரும் எண் அது. கொழுப்பு மட்டும் எரிந்தால் 0.7, மாவுச்சத்து மட்டும் என்றால் 1. வெறும் வயிற்றில் சும்மா படுத்திருப்பவருக்கு ஒன்றைத் தாண்டினால், பெரும்பாலும் மூச்சை வேகமாக இரைத்திருக்கிறார் என்று அர்த்தம். நானோ கோட்டையூரிலிருந்து சைக்கிள் மிதித்து, வழியில் ஒரு காபியும் குடித்துவிட்டுப் போயிருந்தேன்!

மறுமுறை இரவு ஏழு மணியோடு சாப்பாட்டை நிறுத்தினேன். காலையில் காபி இல்லை (அதுதான் கொடுமை), ஆட்டோவில் போனேன். அரை மணி நேரம் படுத்திருந்த பிறகே அளக்கச் சொன்னேன். முதல் ஐந்து நிமிட அளவைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஈவு 0.82, வீதம் 1,590.

“பலகாரம் குறைந்ததுதான் மிச்சம்” என்கிறார்கள் ஆத்தா.