ஆங்கிலத்தில் ஒப்பிட்டுப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அவளைவிட இவள் உயரம்" என்று தமிழில் சொல்லும்போது ஒப்பீட்டின் முழுப் பொறுப்பையும் 'விட' என்ற ஒரே சொல் ஏற்றுக்கொள்கிறது. 'உயரம்' என்ற சொல் சிறிதும் மாறுவதில்லை. பழைய இலக்கண உரைகளில் எடுத்துக்காட்டாக வரும் 'காக்கையிற் கரிது களாம்பழம்' என்ற தொடரிலும் 'கரிது' அப்படியே நிற்க, காக்கையோடு சேர்ந்த வேற்றுமை உருபுதான் ஒப்பீட்டைக் காட்டுகிறது. ஆங்கிலத்தின் வழி வேறு. அங்கே பண்பைச் சொல்லும் சொல்லும் உருமாற வேண்டும், ஒப்பிடப்படும் பொருளுக்கு முன்னால் 'தேன்' என்ற சொல்லும் வர வேண்டும். தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் பேசுவோரிடம் காணப்படும் ஒப்பீட்டுப் பிழைகளில் பல இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன. பள்ளியில் 'டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்' பாடத்தில் வாக்கியங்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றி முழு மதிப்பெண் பெற்றவர்கள்கூடப் பேச்சில் தடுமாறுவதற்குக் காரணம், அந்தப் பாடம் மாற்றும் முறையை மட்டும் கற்பித்துவிட்டு, இரு மொழிகளும் எங்கே பிரிகின்றன என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவதுதான்.

'ஹி இஸ் டால் தேன் மீ' என்பது முதல் வகைப் பிழை. 'விட' என்பதற்கு ஈடாகத் 'தேன்' வந்துவிட்டதால் வேலை முடிந்தது என்று பேசுபவர் எண்ணிவிடுகிறார். 'டால்' என்பது 'டாலர்' ஆக மாறவில்லை. இதைத் திருத்த முயலும்போது பலர் எதிர்த்திசையில் சென்று 'மோர் டாலர்', 'மோர் பெட்டர்' என்று இரண்டு அடையாளங்களையும் சேர்த்துவிடுகிறார்கள். ஓரசைச் சொற்களும், 'ஹேப்பி', 'ஈஸி' போல ஒய் எழுத்தில் முடியும் ஈரசைச் சொற்களும் பொதுவாக இறுதியில் ஈ, ஆர் எழுத்துகளைப் பெறும்; 'பியூட்டிஃபுல்', 'எக்ஸ்பென்சிவ்' போன்ற நீண்ட சொற்கள் மாறாமல் நின்று முன்னால் 'மோர்' பெறும். ஒரே இடத்தில் இரண்டில் ஒன்றுதான் வரும். 'டயர்ட்' (களைத்த), 'போர்ட்' (சலிப்புற்ற) போன்றவை ஓரசையாக ஒலித்தாலும் 'மோர் டயர்ட்', 'மோர் போர்ட்' என்றே வரும் என்பதை விதிவிலக்காக நினைவில் கொள்ளலாம். இரட்டை அடையாளம் ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் தவறாகக் கருதப்படவில்லை என்பதும் உண்மையே. ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் புரூட்டஸின் கத்திக்குத்தை மார்க் ஆண்டனி 'மோஸ்ட் அன்கைண்டஸ்ட்' என்று குறிப்பிடுகிறான். அக்காலத்தில் அது அழுத்தம் தரும் வழக்கு. 1762இல் ராபர்ட் லோத் எழுதிய இலக்கணம் போன்ற பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கணங்கள் அதைப் பிழையென்று ஒதுக்கின. இன்றைய தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் அது பிழைதான்.

ஒப்பீட்டுக்கு அழுத்தம் சேர்க்க விரும்பினால் அதற்குத் தனிச் சொற்கள் இருக்கின்றன. "ரொம்ப மேல்" என்று நாம் சொல்வதை அப்படியே 'வெரி பெட்டர்' என்று ஆக்கக் கூடாது. 'மச் பெட்டர்', 'ஃபார் பெட்டர்', 'எ லாட் பெட்டர்' என்பவையே முறை. 'வெரி' பொதுவாக மாறாத வடிவத்துக்கு முன்னால்தான் வரும்.

எல்லாவற்றையும்விட அதிகக் குழப்பம் தருவது 'மிக' என்ற சொல். 'மிகப் பெரிய கோயில்' என்று எழுதினால் அது 'மிகவும் பெரிதான ஒரு கோயில்' என்றும் பொருள்படும், 'இருப்பவற்றிலேயே பெரிய கோயில்' என்றும் பொருள்படும். தமிழில் சூழல் அதைத் தெளிவாக்கிவிடும். ஆங்கிலம் இந்த இரண்டையும் கண்டிப்பாகப் பிரிக்கிறது: முதற்பொருளுக்கு 'எ வெரி பிக் டெம்பிள்', இரண்டாம் பொருளுக்கு 'தி பிக்கஸ்ட் டெம்பிள்'. இந்தப் பிரிவு மனத்தில் இல்லாதவர், ஊரில் உள்ள சாதாரணமான ஒரு கடையைப் பாராட்ட நினைத்து 'பெஸ்ட் ஷாப்' என்று சொல்லி, அதுவே தலைசிறந்தது என்ற பொருளைத் தந்துவிடுகிறார். அல்லது முதலிடத்தைக் குறிக்க வேண்டிய இடத்தில் 'வெரி' என்று சொல்லி அதன் சிறப்பைக் குறைத்துவிடுகிறார். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. 'மிக' என்ற இடத்தில் 'இருப்பதிலேயே' என்று வைத்துப் பார்க்க வேண்டும். பொருள் மாறாமல் நின்றால் ஆங்கிலத்தில் 'தி' என்ற சொல்லோடு உச்ச வடிவம் வரும். நிற்காவிட்டால் 'வெரி' போதும். 'மை பெஸ்ட் ஃபிரெண்ட்' என்பதுபோல உரிமைச் சொல் முன்னால் வந்துவிட்டால் 'தி' தேவையில்லை.

இதே வகையைச் சேர்ந்தது 'அதிகம்'. "கூட்டத்துக்கு அதிகப் பேர் வந்தார்கள்" என்றால் நிறையப் பேர் வந்தார்கள் என்றுதான் கொள்கிறோம். எதையும் எதோடும் ஒப்பிடவில்லை. அதையே 'மோர் பீப்பிள் கேம்' என்று சொன்னால், ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் எதைவிட அதிகம் என்று கேட்பார், அல்லது சென்ற முறையைவிட அதிகம் என்று தாமாகவே எடுத்துக்கொள்வார். ஒப்பீடு இல்லாத இடத்தில் 'மெனி பீப்பிள்' அல்லது 'எ லாட் ஆஃப் பீப்பிள்' என்றே சொல்ல வேண்டும். தமிழ் பேசுவோரின் ஆங்கிலத்தில் இந்தப் பிழை மிகப் பரவலாக இருந்தும், கேட்பவர்களும் தமிழராக இருந்தால் பொருள் புரிந்துவிடுவதால் யாரும் திருத்துவதில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும் அறிக்கையில் இது வந்தால், இல்லாத ஒரு வளர்ச்சியை இருப்பதாகக் காட்டிவிடும் அபாயம் உண்டு. ஆகவே 'மோர்' என்று எழுதும் ஒவ்வொரு முறையும் 'எதைவிட?' என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

'டூ' என்ற சொல்லையும் இங்கே பேசியாக வேண்டும். "சாம்பார் டூ குட்" என்பது நம் ஊரில் பாராட்டு. நண்பர்களுக்குள் அப்படிப் பேசுவதில் குறையொன்றும் இல்லை. ஆனால் 'டூ' என்பதன் இயல்பான பொருள் 'தேவைக்கு மேல்', 'அளவு மீறி' என்பது. 'தி காஃபி இஸ் டூ ஹாட்' என்றால் அது சூடாக இருக்கிறது என்பதோடு, குடிக்க முடியாத அளவுக்குச் சூடு என்ற குறையும் சேர்ந்தே வருகிறது. ஒருவரின் பணிவைப் புகழ எண்ணி 'ஹி இஸ் டூ பொலைட்' என்று பரிந்துரைக் கடிதத்தில் எழுதினால், அந்தப் பணிவே ஒரு குறை என்று படிப்பவர் கொள்ளக்கூடும். இதோடு சேர்ந்து வருவது 'டூ மச் காஸ்ட்லி' என்ற தொடர். 'டூ மச்' பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்: 'டூ மச் சால்ட்'. பண்பைச் சொல்லும் சொல்லுக்கு முன்னால் வெறும் 'டூ' போதும். அழுத்தம் வேண்டுமானால் வரிசையை மாற்றி 'மச் டூ காஸ்ட்லி' என்று சொல்ல வேண்டும். 'ஸோ மச் பியூட்டிஃபுல்' என்பதும் இதே காரணத்தால் பிழை.

'எனஃப்' என்ற சொல்லின் இடம் மட்டும் கவனிக்கத்தக்கது: பெயர்ச்சொல்லுக்கு முன், பண்புச் சொல்லுக்குப் பின். 'எனஃப் மணி' சரி. 'எனஃப் பிக்' தவறு, 'பிக் எனஃப்' சரி.

'ஒன் ஆஃப் தி பெஸ்ட் ஸ்டூடண்ட்' என்று விழா மேடைகளிலும் அறிமுக உரைகளிலும் கேட்கிறோம். சிறந்தவர்கள் பலர், அவர்களில் ஒருவர் இவர் என்பது கருத்து. ஆகவே பன்மையில் 'ஸ்டூடண்ட்ஸ்' என்றே முடிய வேண்டும். தமிழிலும் 'மாணவர்களில் ஒருவர்' என்று பன்மையில்தான் சொல்கிறோம் என்பதால், இந்தப் பிழைக்குத் தாய்மொழியைக் குறைசொல்ல இடமில்லை.

ஒரு குழுவுக்குள் இருப்பதை அதே குழுவோடு ஒப்பிடும்போது 'அதர்' என்ற சொல் வேண்டும். 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி கேரளத்தில் இருக்கிறது. அதைக் கேரளத்தின் சிகரங்களோடு ஒப்பிட்டால் 'ஹையர் தேன் எனி அதர் பீக் இன் கேரளா' என்றே சொல்ல வேண்டும். 'அதர்' இல்லாவிட்டால் ஆனைமுடி தன்னைவிடவும் உயரம் என்றாகிவிடும். தமிழ்நாட்டின் சிகரங்களோடு ஒப்பிட்டால் 'அதர்' வரக்கூடாது, ஏனெனில் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா இருக்கும் அந்தக் குழுவில் ஆனைமுடி இல்லை. இதையொட்டிய இன்னொரு வழு, "சென்னையின் மக்கள்தொகை மதுரையைவிட அதிகம்" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதுவது. தமிழ் அதை இயல்பாக ஏற்கிறது. கவனமாக எழுதப்படும் ஆங்கிலமோ மக்கள்தொகையை ஊரோடு ஒப்பிட மறுத்து, மதுரைக்கு முன்னால் 'தட் ஆஃப்' என்று கேட்கும்.

'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்', 'இன்ஃபீரியர்' ஆகியவை லத்தீனிலிருந்து ஒப்பீட்டு வடிவத்திலேயே வந்த சொற்கள். அவற்றுக்கு 'மோர்' தேவையில்லை. பின்னால் 'தேன்' வராது, 'டு' வரும். 'ப்ரிஃபர்' என்ற வினையும் அப்படியே: 'ஐ ப்ரிஃபர் டீ டு காஃபி'. இந்தப் பழக்கத்தை நீட்டித்து 'எல்டர் டு மீ' என்று சொல்வது இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றிவிட்டது. 'மை எல்டர் பிரதர்' என்று பெயருக்கு முன்னால் வரும்போது 'எல்டர்' சரி. ஒப்பிடும்போது 'ஓல்டர் தேன் மீ' என்பதே பொருத்தம்.

மடங்கைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'ஆஸ்… ஆஸ்' அமைப்பு பாதுகாப்பானது. 'த்ரீ டைம்ஸ் லாங்கர் தேன்' என்றால் மூன்று மடங்கா, மூன்று மடங்கு கூடுதலா என்று சிலர் ஐயுறுவார்கள். 'த்ரீ டைம்ஸ் ஆஸ் லாங் ஆஸ்' என்பதில் அந்த ஐயம் எழாது.

கடைசியாக, 'தேன் ஐ' சரியா 'தேன் மீ' சரியா என்ற பழைய வாதம். பேச்சில் 'டாலர் தேன் மீ' என்பதே இயல்பு, அதைத் திருத்த வேண்டியதில்லை. பொருள் பிளவுபடும் இடத்தில்தான் கவனம் வேண்டும். 'ஷி லைக்ஸ் ஹிம் மோர் தேன் மீ' என்றால், என்னைப் பிடிப்பதைவிட அவனை அவளுக்கு அதிகம் பிடிக்கும் என்றும் கொள்ளலாம், எனக்கு அவனைப் பிடிப்பதைவிட அவளுக்கு அவனை அதிகம் பிடிக்கும் என்றும் கொள்ளலாம். இரண்டாவதைச் சொல்ல விரும்புபவர் 'தேன் ஐ டூ' என்று வினையோடு (இங்கே 'டூ' என்பது 'செய்' என்னும் பொருள்தரும் வினை) முடித்துவிட வேண்டும்.