தமிழ் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு நாள் காணொளிப் பட்டறை: நடத்துவது எப்படி

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் கோயில் கூடங்களில் மாலையிலும் வார இறுதியிலும் தமிழ் வகுப்பு எடுப்பவர்களுக்கான பட்டறை இது. இலக்கு ஒன்றுதான்: காலையில் வரும் ஒவ்வொரு ஆசிரியரும், தன் கைப்பேசியில் தானே எடுத்துத் தானே வெட்டி ஒட்டிய 90 வினாடிப் பாடத்தோடு மாலையில் வீடு திரும்ப வேண்டும். ஒருவர் பெரிய திரையில் செய்து காட்ட, மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு போகும் பட்டறையை நடத்தாதீர்கள். அந்தக் குறிப்பேட்டை மறுபடி யாரும் திறப்பதில்லை.

கைப்பேசியில் படம் எடுக்கத் தெரியும், லேப்டாப்பில் கோப்பை நகலெடுக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

எதைப் பாடமாக எடுப்பது

புத்தகத்தால் காட்ட முடியாததை எடுங்கள். இங்கே பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஆங்கிலம். ழகரம் அவர்கள் காதில் விழுவதே அபூர்வம். ல சொல்லும்போது நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னால் ஈறைத் தொடும். ள சொல்லும்போது நுனி மடங்கி அண்ணத்தைத் தொடும். ழ சொல்லும்போது மடங்கும், ஆனால் எதையும் தொடாது. இதை அச்சில் எத்தனை வரி எழுதினாலும் விளங்காது. வாயை நெருக்கத்தில் எடுத்த 10 வினாடிப் படம் விளக்கிவிடும். பலா, பள்ளம், பழம் என்று மூன்று சொல் போதும்.

இன்னொரு நல்ல பாடம் காய்கறிக் கூடை. 'பிரிஞ்சால்', 'டானியா' என்று பிள்ளைகள் தினமும் சொல்கிற பொருளையே கையில் எடுத்து, கத்தரிக்காய், கொத்தமல்லி என்று சொல்லிக் காட்டுவது. பட்டறைக்கு இந்த இரண்டில் ஒன்றைத்தான் கொடுப்பேன். 'உங்களுக்குப் பிடித்த பாடம்' என்று விட்டால் தலைப்பு யோசிப்பதிலேயே மதியமாகிவிடும்.

அன்றைக்குப் பிள்ளைகளைப் படம் எடுக்க வேண்டாம். இந்நாட்டின் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவில் 18 வயதுக்கு உட்பட்டவர் குழந்தைதான். குரலும் முகமும் அவர்களுடைய சொந்தத் தகவலில் சேரும். பெற்றோரின் சம்மதத்தைக் கையெழுத்தாக வாங்கி வைத்துக்கொண்டு பிறகு எடுத்துக்கொள்ளலாம். பட்டறையில் ஆசிரியரின் வாயும் கையும் போதும்.

முதல் நாளே தயாராக இருக்க வேண்டியவை

12 பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். இரண்டு பேருக்கு ஒரு லேப்டாப், ஆறு லேப்டாப்புக்கு நடத்துபவரைத் தவிர ஓர் உதவியாளர். இணையத்தை நம்பவே வேண்டாம். மென்பொருள், எழுத்துரு எல்லாவற்றையும் ஆறு யூஎஸ்பி குச்சிகளில் போட்டு லேப்டாப்புக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுங்கள்.

வெட்டி ஒட்டுவதற்கு ஷாட்கட் என்ற மென்பொருள். இலவசம், நீர்முத்திரை கிடையாது, இணையம் இல்லாமல் ஓடும். பள்ளிக்கூடம் கொடுத்த லேப்டாப்பில் எதையும் நிறுவ விடாமல் பூட்டி வைத்திருப்பார்கள். ஷாட்கட்டின் 'போர்ட்டபிள்' பொதியை டெஸ்க்டாப்பில் விரித்தால் பெரும்பாலும் கடவுச்சொல் கேட்காமல் அப்படியே ஓடும். இந்த ஒரு காரணத்துக்காகவே மற்றவற்றைவிட இதைத்தான் சொல்வேன். கைப்பேசிச் செயலிகள் விரைவானவைதான், ஆனால் ஒவ்வொரு கைப்பேசியிலும் பொத்தான் ஒவ்வோர் இடத்தில் இருப்பதால் 12 பேருக்கு ஒரே நேரத்தில் சொல்லித்தர முடியாது.

மைக்: கம்பியுள்ள காலர் மைக்கே போதும். வாங்கும்போது முனையைப் பாருங்கள். கறுப்பு வளையம் மூன்று இருந்தால் கைப்பேசிக்கு ஆகும். இரண்டு மட்டும் இருந்தால் அது கேமராவுக்கான மைக். கைப்பேசி அதைக் கண்டுகொள்ளாமல் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்யும், திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. சோதிக்க எளிய வழி உண்டு: பதிவு ஓடும்போது காலர் மைக்கை விரலால் லேசாகச் சுரண்டுங்கள். ஒலித்துப் பார்க்கையில் சுரண்டல் உரக்கக் கேட்க வேண்டும்.

மின்சாரம்: லேப்டாப்புகள் அதிகம் இழுக்காது; 65 வாட் வீதம் ஆறுக்கும் சேர்த்து 390 வாட்தான். தொல்லை ப்ளக்கில்தான். கூடத்துச் சுவரில் பெரிய மூன்று உருண்டைக் கம்பித் துளை இருக்கும், வருகிறவர்கள் கையில் இரண்டு கம்பி ப்ளக்கும் புதிய சிறிய மூன்று கம்பி ப்ளக்கும் இருக்கும். இரண்டு வகைக்கும் அடாப்டர் எடுத்து வையுங்கள். தேநீர்க் கெட்டில் மட்டும் சுமார் 2000 வாட் இழுக்கும், அதை இதே எக்ஸ்டென்ஷனில் செருக விடாதீர்கள். லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) அறிவிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லாரும் முழு சார்ஜோடு வரும்படி அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

படம் எடுப்பது

'வடக்கு ஜன்னல் வெளிச்சம் நல்லது' என்று தமிழ்நாட்டுக் காணொளிகளில் சொல்வார்கள். இங்கே அது தலைகீழ். நமக்கு நண்பகல் வெயில் வடக்கிலிருந்து வருகிறது. ஆகவே தெற்கு ஜன்னலைப் பார்த்து ஆசிரியரை உட்கார வையுங்கள். குழல்விளக்கை அணைத்துவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வினாடிக்கு 30 சட்டம் (ஃப்ரேம்) வீதம் எடுக்கும்போது சில குழல்விளக்குகளில் படத்தின் குறுக்கே பட்டை ஓடும்.

கைப்பேசியைப் படுக்கையாக வைத்து ஏதாவதொன்றில் சாய்த்து நிறுத்துங்கள், கையில் பிடிக்க வேண்டாம். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரம். கூடத்தில் ஓடு பதித்த தரையும் வெறுஞ்சுவரும் எதிரொலிக்கும். பேசுபவரின் எதிரே இரண்டு நாற்காலி முதுகில் கனத்த போர்வையைப் போட்டால் பாதிக்கு மேல் அடங்கிவிடும். அதுவும் போதாவிட்டால், பின்னணிக் குரலை மட்டும் வெளியே நிற்கும் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பதிவு செய்யலாம். நன்றாகவே வரும்.

பதிவைத் தொடங்கியதும் பேசாமல் மூன்று வினாடி. பிறகு கேமரா பார்க்க ஒரு கைதட்டல். பாடம். முடிவில் இன்னொரு கைதட்டல். இந்த இரண்டாவது தட்டலை எல்லாரும் விட்டுவிடுவார்கள். விட விடாதீர்கள், காரணம் அடுத்த பகுதியில்.

உதடும் ஒலியும் விலகிப்போவது

பட்டறை கவிழ்வது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கைப்பேசியில் பார்த்தால் படம் சரியாக இருக்கும். அதையே லேப்டாப்பில் எடிட்டரில் போட்டால் தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக ஒலி ஒரு பக்கமும் உதடு ஒரு பக்கமுமாக விலகும். காய்கறிப் பாடத்தில் இது அழகுக் குறைவு மட்டும்தான். ழகரப் பாடத்தில் பாடமே கெட்டுவிடும்: நாக்கு ளகரத்துக்கு மடங்கித் தொடுகிறது, காதில் விழுவது ழகரம். பிள்ளை தவறான அசைவைக் கற்றுக்கொள்ளும்.

காரணம் இது. வினாடிக்கு 30 சட்டம் என்று கைப்பேசி சொன்னாலும் அது சீராக எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் சட்டங்களைக் குறைத்துக்கொள்ளும், பிறகு கூட்டிக்கொள்ளும். ஒலியோ ஒரே சீராகப் பதிவாகிறது. ஒவ்வொரு சட்டத்துக்குமான நேரக் குறிப்பு கோப்பில் இருப்பதால் கைப்பேசி சரியாகக் காட்டுகிறது. சட்டங்கள் சம இடைவெளியில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும் எடிட்டர் வழுக்கிவிடுகிறது.

சரிசெய்யும் வழி:

1. ஷாட்கட்டில் கோப்பைத் திறந்தவுடன், சட்ட வேகம் மாறுகிறது, மாற்றித் தரட்டுமா என்று கேட்டு ஒரு பெட்டி வரும். அவசரத்தில் எல்லாரும் ரத்து செய்துவிடுவார்கள். ரத்து செய்யக் கூடாது. மூன்று தரத்தில் 'குட்' போதும்.
2. பெட்டி வராவிட்டால், அல்லது ரத்தாகிவிட்டிருந்தால், 'ப்ராபர்ட்டீஸ்' பலகத்தில் 'கன்வர்ட்' பொத்தானை அழுத்தினால் அதே வேலை நடக்கும்.
3. மாற்றம் 'ஜாப்ஸ்' பட்டியலில் ஓடும். முடியும்வரை காத்திருங்கள். புதிய கோப்பு பழையதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும், அது இயல்பு.
4. டைம்லைனில் இருப்பது புதிய கோப்புதானா என்று பெயரைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.
5. முதல் கைதட்டலைப் பாருங்கள், இறுதிக் கைதட்டலைப் பாருங்கள். உள்ளங்கைகள் சேரும் சட்டத்தில்தான் ஒலி அலையின் கூர்முனை நிற்க வேண்டும். முதலாவது சரியாக இருந்து இரண்டாவது விலகினால் மாற்றம் நடக்கவில்லை என்று பொருள்.

தொடக்கம் முதலே ஒரே அளவில் ஒலி பிந்தினால் அது வேறு சிக்கல். பெரும்பாலும் ப்ளூடூத் இயர்போனில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அது தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். கோப்பில் பிழை இருக்காது. கம்பி இயர்போனை மாட்டிக் கேட்கச் சொல்லுங்கள், அதற்கு முன் எதையும் நகர்த்த விடாதீர்கள்.

தமிழ் எழுத்து

விண்டோஸிலேயே இருக்கும் நிர்மலா எழுத்துரு, அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ். இவை இரண்டைத் தவிர வேறெதுவும் அன்றைக்கு வேண்டாம். பழைய வினாத்தாளிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாக வரும். அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. என்எச்எம் கன்வர்ட்டரில் யூனிகோடாக மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும்.

எந்த எடிட்டரையும் நம்புமுன் இந்த மூன்று சொல்லை அடித்துப் பாருங்கள்: கொடி, மொழி, பௌர்ணமி. கொம்பு எழுத்துக்கு முன்னாலும், கால் (பௌவில் ள போன்ற குறி) பின்னாலும் வந்து நிற்க வேண்டும். கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொண்டாலோ புள்ளி வட்டம் தெரிந்தாலோ அந்த எடிட்டருக்குத் தமிழ் சேர்க்கத் தெரியவில்லை. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பவர்பாயின்டிலோ லிப்ரேஆபிஸிலோ எழுதி, அந்த ஸ்லைடைப் படமாகச் சேமித்து, படமாகவே டைம்லைனில் வையுங்கள். படத்துக்குள் போன எழுத்து எந்தக் கணினியிலும் உடையாது.

தட்டச்சுக்கு, புதிதாக வருகிறவர்கள் கைப்பேசியில் ஜிபோர்டில் (கூகுளின் விசைப்பலகை) 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குவார்கள். அன்றைக்கு அது போதும். ஆனால் அந்தப் பரிந்துரைகள் ல, ள, ழவிலும் ந, ன, ணவிலும்தான் அடிக்கடி சறுக்கும், நாம் எடுக்கும் பாடமோ அதுதான். ஏற்றுமுன் இன்னொரு ஆசிரியர் ஒவ்வொரு சொல்லையும் படித்துப் பார்க்கட்டும்.

வெளியேற்றுவது

'எக்ஸ்போர்ட்', யூடியூப் முன்னமைப்பு. பெற்றோர் இதைக் கைப்பேசி டேட்டாவில்தான் பார்க்கப்போகிறார்கள். 'அட்வான்ஸ்ட்' உள்ளே 'ஆவரேஜ் பிட்ரேட்' என்று மாற்றி, காணொளிக்கு வினாடிக்கு 1 மெகாபிட், ஒலிக்கு 128 கிலோபிட் கொடுங்கள். 90 வினாடிக்கு சுமார் 13 மெகாபைட் வரும். 2 மெகாபிட் கொடுத்தால் 24ஐத் தொடும். அசையாத முகத்துக்கு அது தேவையில்லை.

வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் மறுபடி அமுக்கி மங்கலாக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சேர்க்கை 1: 'என் கைப்பேசியில் இயர்போன் துளையே இல்லை' என்று பலர் கேட்டிருந்தார்கள். யூஎஸ்பி-சி அடாப்டர் வாங்கும்போது உள்ளே டிஏசி சில்லு (ஒலியை மாற்றித் தரும் மின்சில்லு) உள்ளதா, மைக்கையும் ஏற்குமா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான சில அடாப்டர்களில் வெறும் கம்பிதான் இருக்கும். சில கைப்பேசிகளில் அவை வேலையே செய்யாது. விரல் சுரண்டல் சோதனையை இங்கும் செய்யுங்கள்.

சேர்க்கை 2: பழைய 4 ஜிபி லேப்டாப்பில் ஷாட்கட் திக்கித் திணறுவதாக எழுதியவர்களுக்கு: 'செட்டிங்ஸ்' மெனுவில் 'ப்ராக்ஸி'யை இயக்குங்கள். வெட்டும்போது சிறிய நகலைக் காட்டும், வெளியேற்றும்போது அசலை எடுத்துக்கொள்ளும். படமெடுக்கும்போதே 720 தரத்தில் எடுத்தால் இன்னும் நல்லது.

சேர்க்கை 3: ஐபோன் கோப்பு சில லேப்டாப்புகளில் கறுப்பாகத் திறக்கிறது, ஒலி மட்டும் வருகிறது. படமெடுக்குமுன் 'செட்டிங்ஸ்', 'கேமரா', 'ஃபார்மேட்ஸ்' போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தால் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் எச்.264 ஆக மாற்றலாம். அங்கே 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்'டையும் தேர்ந்தெடுத்துவிட்டால் ஒலி விலகும் சிக்கலும் அதே ஓட்டத்தில் தீர்ந்துவிடும்.