ராக் பாட்டை நாதஸ்வரத்துக்கு மாற்றுவது எப்படி?

ராக் குழுவான ஏசி/டிசியின் பாடல்களைப் புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைப் பாணியில் வாசித்தே ஹேசீட் டிக்ஸி குழு பெயர் வாங்கியது. சிங்கப்பூரில் நமக்கு நாதஸ்வரமும் தவிலும் இருக்க, வேறு வாத்தியம் தேடுவானேன்?

முதலில் சுருதி. பாரி எனும் நீளமான நாதஸ்வரம் பெரும்பாலும் 2 அல்லது 2½ கட்டை (மேற்கத்திய முறையில் D அல்லது D#); பாட்டை அதற்கு இறக்குங்கள். கிட்டாரில் முழு கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) வேண்டாம். அதிலுள்ள காந்தாரம் (மூன்றாம் சுரமான 'க') அசையாமல் நிற்கும், நாதஸ்வரத்திலோ அது கமகத்தால் அசையும். இரண்டும் மோதினால் அபஸ்வரம்தான். ஸட்ஜமும் பஞ்சமமும் போதும், கனமாகவே ஒலிக்கும்.

நாலு நாலு எண்ணிக்கையில் இரண்டு பார் சேர்ந்தால் எட்டு எண்ணிக்கை கொண்ட ஓர் ஆதி தாள ஆவர்த்தனம் (ஒரு சுற்று). கோரஸை மட்டும் திஸ்ர நடைக்கு (ஓர் எண்ணிக்கைக்கு மூன்று தட்டு) மாற்றிப் பாருங்கள், அரங்கமே நிமிரும்.

வீவக அடுக்குமாடி வீட்டில் தவில் ஒத்திகை கூடாது. ஒலி கசியாத ஸ்டூடியோ எடுங்கள். பொது மேடை என்றால், பாடல் காப்புரிமை அமைப்பான காம்பஸின் உரிமம் எடுத்தாயிற்றா என்று ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.