கவர்மெண்ட் ஆபீஸுக்கு மனு தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி: நம்ம ஆளுக வழக்கமா பண்ற தப்புக

மொதல்லயே சொல்லிடுறேன், நான் வக்கீல் இல்ல. காரைக்குடில ஒரு ஜெராக்ஸ் கடை, கூடவே மனு டைப் அடிச்சுக் குடுக்குறது, பதினாலு வருஷமா இதான் பொழப்பு. இத்தன வருஷத்துல பாத்ததுல, கையில நியாயம் இருந்தும் தோத்துப் போறவங்கதான் ஜாஸ்தி. எதுனாலன்னு கேட்டா, போன ஆபீஸ் தப்பு, இல்லன்னா போன நாள் தப்பு, இல்லன்னா எடுத்துட்டுப் போன பேப்பர் தப்பு. இந்தக் காரியத்த செய்ய சட்டப்படி அதிகாரம் யாருக்கு இருக்குன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தாலே பாதி அலைச்சல் மிச்சம்.

ஒரு ஆச்சி கதைய சொல்றேன். பக்கத்து ஊர்ல வளவு வச்ச பெரிய வீடு, பங்காளிக ரெண்டு பேர், கூட்டுப்பட்டா. ஒருநாள் பாத்தா பட்டா பங்காளி பேர்ல மட்டும் மாறி இருக்கு. ஆச்சி நேரா சிவகங்கைக்கு பஸ் ஏறி திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனு குடுத்துட்டு வந்துட்டாக. அது சுத்தி தாலுகா ஆபீஸுக்கே வந்துச்சு, "ஏற்கனவே உத்தரவு போட்டாச்சு"ன்னு ஒரு வரில பதில். மறுபடி மனு, மறுபடி அதே பதில். மூணாவது தடவ மனு டைப் பண்ண எங்கடைக்கு வந்தப்பதான் விஷயமே தெரிஞ்சுச்சு, அதுக்குள்ள எட்டு மாசம் ஓடிப்போச்சு.

நான் கேட்டேன், ஏன் ஆச்சி தேவகோட்டைக்குப் போகலன்னு. "கலெக்டரு பெரியவரா, தேவகோட்டைக்காரரு பெரியவரா?"ன்னு என்னயவே திருப்பிக் கேட்டாக. அங்கதான் சிக்கல். கவர்மெண்ட்ல பெரியவர்ங்கறது வேற, சட்டம் அதிகாரம் குடுத்தவர்ங்கறது வேற. பட்டா பாஸ்புக் சட்டம் 1983ன்னு ஒண்ணு இருக்கு, அதுப்படி தாசில்தார் போட்ட உத்தரவு பிடிக்கலன்னா ஆர்டிஓகிட்ட (வருவாய் கோட்டாட்சியர், வண்டி லைசென்ஸ் குடுக்குறவர் இல்ல) மேல்முறையீடு, அதுலயும் சரிப்படலன்னா டிஆர்ஓகிட்ட (மாவட்ட வருவாய் அலுவலர்) சீராய்வு. காரைக்குடி தாலுகா வர்றது தேவகோட்டை கோட்டத்துல, அதனால போக வேண்டிய இடம் தேவகோட்டை. கலெக்டர்கிட்ட மனு குடுத்தா தப்பில்ல, ஆனா அது மனுதான், மேல்முறையீடு ஆகாது. இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நெனைக்கிறதுதான் நான் பாக்குற தப்புகள்ல நம்பர் ஒன். மனுங்கறது கேக்குறது, அதுக்கு கெடு கிடையாது, மேல்முறையீடு உரிமை, ஆனா அதுக்கு கெடு உண்டு, நீங்க மனு மேல மனு போட்டுக்கிட்டு இருந்தாலும் அந்தக் கெடு நிக்காம ஓடிக்கிட்டேதான் இருக்கும். திரும்பத் திரும்ப மனு குடுத்ததால காலக்கெடு நீளாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே பல தடவ சொல்லியிருக்கு.

இன்னொண்ணு, பட்டாவ வச்சுக்கிட்டு "சொத்து எனக்குத்தான்"னு சட்டம் பேசுறது. பட்டா வருவாய்த்துறை கணக்கு, அவ்வளவுதான். சொத்து யாருக்குன்னு முடிவு பண்றது பத்திரமும் வாரிசுரிமையும், அதுல தகராறுன்னா சிவில் கோர்ட். தாசில்தார்கிட்ட போய் "எங்க ஐயா பர்மால சம்பாதிச்சுக் கட்டுன வீடு"ன்னு நாலு பக்கம் எழுதுனா அவரால ஒண்ணும் பண்ண முடியாது, அவருக்கு அந்த அதிகாரமே இல்ல. அதே மாதிரி பத்திரம் பதிஞ்ச சப்-ரிஜிஸ்டரார் ஆபீஸும் பட்டா குடுக்குற தாலுகா ஆபீஸும் ரெண்டு வேற வேற டிபார்ட்மெண்ட். வில்லங்கச் சான்றிதழ்ல (சொத்து மேல பதிஞ்ச பத்திரங்களோட லிஸ்ட்) பேர் வந்துட்டா பட்டாவுலயும் வந்திருக்கும்னு கண்ண மூடிக்கிட்டு இருந்துடாதீங்க, எடுத்துப் பாருங்க. தாசில்தார் குடுக்குற வாரிசு சான்றிதழ் வேற, 1925ஆம் வருஷ இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கோர்ட்டு குடுக்குற சக்சஷன் சர்ட்டிபிகேட் வேற, பேங்க்ல எதக் கேக்குறாங்கன்னு எழுதி வாங்கிட்டு அப்புறம் அலைங்க.

செட்டிநாடுங்கறது ஒரே மாவட்டம் இல்லங்கறதையும் மறந்துடுறாங்க. ராயவரம், கோனாபட்டு எல்லாம் புதுக்கோட்டை மாவட்டம், சிவகங்கைல போய் கியூல நிக்கக் கூடாது. சென்னைலயும் மலேசியாவுலயும் இருந்து திருவிழாவுக்கு மட்டும் வர்றவங்க இதுல நெறய தடுமாறுறாங்க.

அப்புறம் வாய்வார்த்தை. "முடியாதுன்னு சொல்லிட்டாரு சார்"னு வருவாங்க. யாரு சொன்னா, எப்ப சொன்னா, பேப்பர் எங்க? வாய்ல சொன்னத எதிர்த்து அப்பீல் போட முடியாது. எழுத்துல உத்தரவு கேளுங்க, காரணத்தோட கேளுங்க. மனு குடுக்கும்போது ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போய் ஒண்ணுல தேதியோட சீல் வாங்கிக்கங்க, சீல் போட மாட்டேன்னா ஸ்பீடு போஸ்ட்ல அக்னாலெட்ஜ்மெண்டோட அனுப்புங்க. பதில் வந்தா அதுல ந.க.எண்னு ஒரு ஃபைல் நம்பர் இருக்கும், அதான் உங்க ஃபைலோட ஜாதகம். அடுத்த கடுதாசில "பார்வை"ன்னு போட்டு அந்த நம்பர எழுதலன்னா உங்க பேப்பர் புது மனுவா போய் வேற ஃபைல்ல படுத்துக்கும். கவரையும் தூக்கிப் போடாதீங்க, உத்தரவு கைக்கு எப்ப வந்துச்சுன்னு காட்ட தபால் முத்திரைதான் சாட்சி.

ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம், பத்தி கொஞ்சம் விலாவாரியா சொல்லணும், இதுல பண்ற கூத்து கொஞ்ச நஞ்சமில்ல. 2005 சட்டம், பத்து ரூவா ஃபீஸ், முப்பது நாள்ல பதில், இது எல்லாருக்கும் தெரியும். ஆனா கேக்குற கேள்வி? "என் மனுவை ஏன் நிராகரித்தீர்கள், தவறு செய்த அதிகாரி மீது நடவடிக்கை எடுப்பீர்களா"ன்னு எழுதுனா பதிலே வராது, வந்தாலும் "இது தகவல் என்ற வரையறைக்குள் வராது"ன்னு வரும். ஃபைல்ல இருக்குற பேப்பரத்தான் கேக்க முடியும். அதனால நான் இப்பிடி அடிச்சுக் குடுப்பேன்: "இன்ன தேதியில் நான் அளித்த, இன்ன ந.க.எண் கொண்ட மனு மீது கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் அளித்த அறிக்கைகளின் நகல், கோப்புக் குறிப்புகளின் நகல், வட்டாட்சியர் உத்தரவின் நகல்." அவ்வளவுதான், மூணு வரி. ஏன்ங்கறதுக்கு பதில் அந்த அறிக்கையிலயே இருக்கும். ஆச்சி கேஸ்ல அப்படித்தான் வெளிய வந்துச்சு, விசாரணைக்கு ஆச்சிய கூப்பிட்டதா ஒரு நோட்டீஸும் அந்த ஃபைல்லயே இல்ல. அப்பீல்ல நாங்க முதல் பாயிண்டா வச்சதே அதத்தான்.

முப்பது நாள் ஆகியும் பதில் இல்லன்னா புதுசா இன்னொரு ஆர்டிஐ போடாதீங்க. அடுத்த முப்பது நாளுக்குள்ள அதே ஆபீஸ்ல மேல இருக்குற அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு, அதுவும் சரியில்லன்னா தொண்ணூறு நாளுக்குள்ள தகவல் ஆணையத்துக்கு. ஃபீஸ்லயும் ஒரு பொறி இருக்கு. தமிழ்நாட்டு ஆபீஸ்னா பத்து ரூவா கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டுனா போதும், அதயே சென்ட்ரல் கவர்மெண்ட் ஆபீஸுக்கு ஒட்டி அனுப்புனா செல்லாது, அங்க போஸ்டல் ஆர்டர், டிடி, ஆன்லைன் பேமெண்ட் மாதிரி வழிகள்தான்.

மிலிட்டரி விஷயத்துக்கு வருவோம், நம்ம ஜில்லாவுல வீதிக்கு ஒரு ரிட்டயர்டு ஹவில்தார் இருப்பாரு. எங்க மாமாவும் ஒருத்தர். ஊனமுற்றோர் பென்ஷன் கொறச்சுப் போட்டுட்டாங்கன்னு சிவகங்கை முன்னாள் படைவீரர் நல ஆபீஸுக்கு நடையா நடந்தாரு. அவங்க வழி காட்டுவாங்க, கடுதாசி எழுதித் தருவாங்க, ஆனா பென்ஷன முடிவு பண்றவங்க அவங்க இல்ல. உங்க ரெஜிமெண்டோட ரெக்கார்ட் ஆபீஸ்ல இருந்துதான் ஆரம்பிக்கணும், மாமாவுக்கு மெட்ராஸ் ரெஜிமெண்ட், அதனால குன்னூர் பக்கத்து வெலிங்டன். அங்க அப்பீலெல்லாம் முடிஞ்சு கடைசி உத்தரவும் எதிரா வந்தா ஆம்டு ஃபோர்சஸ் டிரிபியூனல் (மிலிட்டரிக்காரங்க கேஸுக்கான தீர்ப்பாயம்), 2007 சட்டப்படி வந்தது, சென்னைல ஒரு பெஞ்ச் இருக்கு. பொதுவா கடைசி உத்தரவுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள போகணும். பென்ஷன் மாதிரி மாசாமாசம் தொடர்ற பாதிப்புன்னா லேட்டாப் போனாலும் வழி இருக்கு, ஆனா அரியர்ஸ வழக்கமா கேஸ் போட்டதுக்கு முந்துன மூணு வருஷத்தோட நறுக்கிடுவாங்க. மாமா அப்பிடித்தான் பழைய அரியர்ஸ விட்டாரு, இன்னும் அதப் பேசுனா அன்னைக்கு சாப்பாடு இறங்காது.

யூனிஃபார்ம் போட்டவங்க எல்லாரும் மிலிட்டரின்னு நெனைக்கிறதும் தப்பு. இலுப்பக்குடில டிரெயினிங் எடுக்குற ஐடிபிபி (இந்தோ-திபெத் எல்லைப் போலீஸ்) பசங்க, சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் எல்லாம் உள்துறை அமைச்சகத்துக்குக் கீழ. அவங்களுக்கு அந்த டிரிபியூனல் கிடையாது, ஹைகோர்ட்டுதான் போகணும். ஆர்டிஐலயும் வித்தியாசம் உண்டு, ராணுவத்துக்கு ஆர்டிஐ போடலாம், பிஎஸ்எஃப் சிஆர்பிஎஃப் ஐடிபிபி எல்லாம் விலக்கு லிஸ்ட்ல இருக்கு, ஊழல் மனித உரிமை மீறல் சம்பந்தப்பட்டத மட்டும் கேக்கலாம். அப்புறம் "மிலிட்டரிக்காரன் லீவுல வந்து அடிச்சா போலீஸ் தொட முடியாது"ன்னு டீக்கடைல ஒரு சட்டம் ஓடுது. கைது பண்ண சென்ட்ரல் கவர்மெண்ட் அனுமதி வேணும்ங்கறது டூட்டில செஞ்ச காரியத்துக்குத்தான், கோயில் திருவிழாவுல குடிச்சுட்டு மண்டைய உடைச்சதுக்கு இல்ல.

எடுத்த எடுப்புல "மதுரைக்குப் போய் ரிட் போட்டுடுவேன்"னு கெளம்புறதும் வேண்டாம். 2004ல ஹைகோர்ட்டோட மதுரை பெஞ்ச் வந்ததுல இருந்து நமக்குப் பக்கம்தான், ஆனா கீழ அப்பீல் வழி இருக்கும்போது நேரா போனா பெரும்பாலும் "அங்க போயிட்டு வா"ன்னு அனுப்பிடுவாங்க. கவர்மெண்ட் மேல சிவில் கேஸ்னா பொதுவா ரெண்டு மாச நோட்டீஸ் குடுத்துட்டுத்தான் போடணும். வாட்ஸப்ல வர்ற அரசாணையக் காட்டி சண்ட போடாதீங்க, அது ஒரு தனி ஆளோட கேஸுக்குப் போட்டதா இருக்கும், இல்லன்னா பின்னாடி மாத்தியிருப்பாங்க, எப்பிடி இருந்தாலும் சட்டத்த மீறி அரசாணை நிக்காது. லஞ்சம் குடுத்து முடிச்சுக்கலாம்னா 2018 திருத்தத்துக்கு அப்புறம் குடுக்குறதும் குத்தம், கட்டாயப்படுத்தி வாங்குனாங்கன்னா ஏழு நாளுக்குள்ள புகார் சொல்லிடணும்.

ஆச்சி கேஸ் இப்ப தேவகோட்டைல இருக்கு. எட்டு மாசம் தாமதத்துக்கு தனியா காரணம் எழுத வேண்டியதாப் போச்சு. சீல் வாங்குன காப்பிய மூணு ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னாக, ஒண்ணு டிரங்குப் பொட்டிக்கு, ஒண்ணு மக வீட்டுக்கு, இன்னொண்ணு எதுக்கு ஆச்சின்னா, "நீ தொலைச்சுட்டேன்னு சொல்ல மாட்டேல, ஒங்கடைல வையி"ன்னுட்டாக.