பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்காமல் பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி?

கத்தோலிக்கர்கள் தங்கள் பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவதுதான் பாவசங்கீர்த்தனம்; அதற்காக ஆலயத்தில் இருக்கும் கூண்டுதான் தொட்டி. அந்தத் தொட்டிப் பக்கம் போய் வருடக்கணக்கில் ஆனவர்கள் பலருக்கும் சாமியாரைப் பற்றியெல்லாம் பயமில்லை. வரிசையில் பின்னால் நிற்கும் பக்கத்து வீட்டு அக்காதான் பிரச்சினை. அப்படித் தயங்குகிறவர்களுக்காகத்தான் இது.

1. நாள் பாருங்கள்

சாதாரண நாளில் தனியாகப் போய் நின்றால் பூ கட்டும் அம்மா முதல் உபதேசியார் வரை கவனிப்பார்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், பல ஊர்க் குருக்கள் வந்து உட்காரும் நாளில் போங்கள். ஊரே நிற்கும்போது நீங்கள் நிற்பது யார் கண்ணிலும் படாது. சொந்தப் பங்கில், அதாவது உங்கள் ஊர்க் கோயிலில்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வேளாங்கண்ணிக்குப் போகும்போது முகம் தெரியாத குருவிடம் முடித்துவிட்டு வருபவர்கள் நிறைய.

2. தடுப்பு உள்ள இடமாகப் பாருங்கள்

குருவுக்கும் நமக்கும் நடுவே துளையிட்ட தடுப்பு வைப்பது இன்று நேற்று வந்ததல்ல. மிலான் பேராயர் சார்லஸ் பொரோமேயு 1577இல் ஆலயக் கட்டுமானத்துக்கு எழுதிய விதிகளிலேயே அது இருக்கிறது. இன்றைய திருச்சபைச் சட்டமும் (எண் 964) விரும்புகிறவர்களுக்குத் தடுப்புள்ள இடம் இருக்க வேண்டும் என்கிறது. எனவே மரத்தடியில் இரண்டு நாற்காலி போட்டிருந்தால், "ஃபாதர், தொட்டிக்கு வரட்டுமா?" என்று தாராளமாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

3. குரலும் கதையும்

விஷயம் வெளியே கசிவது பெரும்பாலும் இங்கேதான். தடுப்புக்கு வாயை நெருக்கமாக வைத்து, மெல்லப் பேசுங்கள். காது மந்தமான குரு நீங்கள் சொன்னதையே சத்தமாகத் திருப்பிச் சொன்னால், "கொஞ்சம் மெதுவா, ஃபாதர்" என்று சொல்வதில் தப்பே இல்லை.

அப்புறம், கதை வேண்டாம். "எங்க மருமக போன பொங்கலுக்கு என்ன பண்ணினா தெரியுமா, அதனாலதான் நான்..." என்று ஆரம்பித்தால் அது மருமகளின் பாவசங்கீர்த்தனம் ஆகிவிடும். "வீட்டில் ஒருவரோடு பொங்கலிலிருந்து பேசவில்லை, ஃபாதர்." அவ்வளவு போதும். என்ன பாவம், எத்தனை தடவை என்பதுதான் முக்கியம். பெயர் எதுவும் வேண்டாம்.

4. வரிசையில்

முன்னால் இருப்பவருக்கு நாலைந்து அடி இடம் விடுங்கள். தவறிக் காதில் விழுந்தாலும் அதை வெளியே சொல்லக் கூடாது. அந்த இரகசியக் கடமை கேட்டவருக்கும் உண்டு (திருச்சபைச் சட்டம், எண் 983).

5. குரு சொல்லிவிடுவாரோ?

மாட்டார். 1215இல் நடந்த நான்காம் லாத்தரன் சங்கமே (திருச்சபையின் பொதுச்சங்கம்), பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியிடும் குருவைப் பதவி நீக்கிக் கடும் தவத்துக்கு அனுப்பச் சொன்னது. இன்று நேரடியாக வெளியிட்டால் அந்தக் கணமே திருச்சபை விலக்குத் தண்டனை. அதை நீக்கும் அதிகாரம் ரோமுக்குத்தான். பங்குப் பேரவைக்கு ஆள் எடுக்கும்போது உங்கள் பாவத்தை மனதில் வைத்து உங்களை ஒதுக்கவும் அவருக்கு அனுமதி இல்லை.

6. வெளியே வந்ததும்

குரு பரிகாரமாகக் கொடுத்த செபத்தை உடனே, ஒரு ஓரமாகப் போய்ச் சொல்லிவிடுங்கள். மறந்துவிடுமோ என்று பாவங்களைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தால் கிழித்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டுப் புத்தகத்துக்குள் செருகிவிட்டு வந்தால், ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழு அதே பக்கத்தைத் திறக்கும்.