நடுவயதில் தொழில் மாற்றம்: இலக்கு வகுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

45 வயதில் தொழிலை மாற்ற நினைக்கும் ஒருவரிடம் அவருடைய இலக்கு என்னவென்று கேட்டுப் பாருங்கள். "இந்த வேலையை எப்படியாவது விட்டுவிட வேண்டும்" என்பார். மேலதிகாரியின் கடுஞ்சொல், மாலை நேரத்தில் கொழும்பின் காலி வீதியில் வாகன நெரிசல், விலைவாசியோடு சேர்ந்து உயராத சம்பளம் ஆகிய எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருப்பது உண்மைதான். ஆனால் விலகுவதையே இலக்காக வைத்தவருக்கு, விலகல் கடிதத்தைக் கொடுத்த அன்றே இலக்கு நிறைவேறிவிடுகிறது. மறுநாள் காலையில் எதைத் தொடங்குவது என்ற கேள்விக்கு அந்த இலக்கிடம் பதில் இருப்பதில்லை.

கொழும்பில் இதைவிடப் பரவலான தவறு, சான்றிதழை இலக்காக எடுத்துக்கொள்வது. பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை நடந்தால் வார இறுதி டிப்ளோமா விளம்பரப் பலகைகள் எத்தனையோ கண்ணில் படும்; ஒன்றில் சேர்ந்துவிட்டால் மாற்றம் தொடங்கிவிட்டது போன்ற நிம்மதியும் உடனே கிடைத்துவிடும். இறக்குமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் 18 ஆண்டுகள் இருந்த நானும் 43 வயதில் அப்படித்தான் மனிதவள முகாமைத்துவ டிப்ளோமா ஒன்றில் சேர்ந்தேன். ஒரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் முழுவதும் அதற்கே போயின. அதன்பின் அத்துறையில் ஒரு நேர்முகப் பரீட்சைக்குக்கூட நான் போகவில்லை. நாள் முழுவதும் பிறருடைய பிணக்குகளைக் கேட்டுத் தீர்க்கும் வேலை எனக்கு ஒவ்வாது என்பது வகுப்பில் படித்து முடிக்கும்போதுதான் புரிந்தது. கட்டணம் கட்டுமுன் அத்துறையில் இருக்கும் ஒருவருடன் இரண்டு நாட்கள் கூட இருந்து பார்த்திருந்தால் அதே உண்மை செலவில்லாமல் தெரிந்திருக்கும். பிற்பாடு நான் எழுதிவைத்த இலக்கு வேறு விதமானது: புறக்கோட்டையில் மாதாந்தம் கட்டணம் தந்து என்னிடம் கணக்கை ஒப்படைக்கும் 6 கடைக்காரர்களை 12 மாதங்களுக்குள் சேர்ப்பது. அது நடந்ததா இல்லையா என்பதை யாரும் எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

சான்றிதழே இல்லாதவர்கள் இதற்கு நேர்மாறான தவறைச் செய்கிறார்கள். இருபது வருடம் குளிரூட்டி பழுது பார்த்தவரோ, கல்யாணச் சமையலில் பழம் தின்று கொட்டை போட்டவரோ, பயிற்றுநராக மாற விரும்பும்போது முதல் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்று எண்ணிப் பின்வாங்கிவிடுகிறார். 1 முதல் 7 வரை மட்டங்களைக் கொண்ட நமது தேசிய தொழிற்தகைமை முறையில், வகுப்புக்குப் போகாமலே, ஏற்கெனவே கைவந்த திறனைச் செய்து காட்டி மதிப்பீட்டின் மூலம் சான்றிதழ் பெறும் வழி உண்டு. அவருடைய முதல் இலக்கு அந்த மதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பதாக இருக்கலாம்.

பணக் கணக்கில் நேரும் தவறுகள்தான் ஆகக் கூடுதலான சேதத்தை உண்டாக்குகின்றன என்பது என் எண்ணம். ஊழியர் சேமலாப நிதியை, அதாவது மாதந்தோறும் சம்பளத்தையொட்டிச் சேரும் ஓய்வுகாலச் சேமிப்பை, எடுத்துத் தொழில் தொடங்குவேன் என்று பலர் திட்டமிடுகிறார்கள். ஆனால் வேலையை விட்டுவிட்டதாலேயே அந்தப் பணம் கைக்கு வந்துவிடாது. பொதுவாக ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும்தான் அதைப் பெறலாம். நீண்டகாலம் பங்களித்தவர்கள் முன்கூட்டியே எடுக்கக்கூடிய 30 சதவீதமும் வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் உரியது. வேலையை விட்டதும் கணக்கில் சேர்க்கக்கூடியது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாதோர் வேலை செய்யும் நிறுவனத்தில் 5 ஆண்டுகள் நிறைவுசெய்தவருக்கு ஒவ்வொரு சேவையாண்டுக்கும் கடைசிச் சம்பளத்தின் அரை மாதப் பங்கு கிடைக்கும். 1,20,000 ரூபாய் சம்பளத்துடன் 18 ஆண்டுகள் நிறைத்தவருக்கு அது 10,80,000 ரூபாய். 4 ஆண்டுகளும் 10 மாதங்களும் ஆன நிலையில் கோபத்தில் எழுந்து போகிறவருக்கு அந்த உரிமை இல்லை.

புதிய வருமான இலக்கைப் பழைய சம்பளத்துக்குச் சமமாக வைப்பதும் இதே வகையான பிழை. அதே 1,20,000 ரூபாய்க்கு மேல் தொழில் தருநர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் தம் கையிலிருந்து கட்டுகிறார். மாதம் 18,000 ரூபாய். சம்பளத்துடனான விடுமுறை, மருத்துவக் காப்புறுதி ஆகியவை வேறு. ஆகவே சுயதொழிலில் 1,20,000 ரூபாய் உழைப்பவர் பழைய நிலைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

காலத்தையும் பலர் தவறாகவே அளக்கிறார்கள். 55 வயதில் எல்லாம் முடிந்துவிடும் என்ற பழைய எண்ணத்துடன் 45 வயதுக்காரர் ஆறே மாதத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிடத் துடிக்கிறார். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கிவிட்டது. முன்னே 15 ஆண்டுகள் இருக்கையில், அவற்றில் இரண்டைச் சம்பளத்தில் இருந்துகொண்டே ஆயத்தத்துக்குச் செலவிடுவது வீணாகாது.

இந்நகரத்துத் தமிழர்கள் இலக்குப் பட்டியலில் எழுத மறப்பது ஒன்றுண்டு. சரளமாகச் சிங்களம் பேசும் நம்மில் எத்தனையோ பேருக்கு அதை வாசிக்கவும் எழுதவும் வராது. கணக்கு மேசைக்குள் இருந்தவரை அது எனக்கும் பெரிய குறையாகத் தெரியவில்லை. வாடிக்கையாளருக்குக் கடிதம் வரைய நேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்தது. மக்களோடு பழகும் தொழிலுக்கு மாறுபவர், எட்டு மாதங்களில் ஒரு பக்கக் கடிதம் சிங்களத்தில் எழுதுவேன் என்று வைக்கும் இலக்கு, இரண்டாவது டிப்ளோமாவைவிடப் பயன்படும்.

வீட்டாரிடம் சொல்லாமல் இலக்கு வகுக்கக் கூடாது என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. மகளுக்கு உயர்தரப் பரீட்சை இருக்கும் வருடத்தில் வருமானத்தைப் பாதியாக்கும் திட்டத்தை மனைவி வேறு யார் வாயிலாகவோ கேள்விப்பட்டால், பிறகு நடக்கும் பேச்சு தொழிலைப் பற்றியதாக இராது.

கடைசித் தவறு, நிறுத்தும் இடத்தைக் குறிக்காமல் விடுவது. எந்தத் தேதிக்குள் எத்தனை வாடிக்கையாளர் சேராவிட்டால், அல்லது சேமிப்பு எத்தனை மாதச் செலவுக்குக் கீழே இறங்கினால், மீண்டும் சம்பள வேலை தேடுவது என்பதைத் தொடங்கும் நாளிலேயே எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவைக்க வேண்டும். இலக்கு 6 கடைக்காரர்கள் என்றாலும், நிறுத்தும் இடமாக என் தாளில் 12 மாதங்களும் 4 கடைக்காரர்களும் என்று இருந்தது. பதினோராம் மாதம் வரை மூவர்தான் இருந்தார்கள். நாலாமவர், செட்டியார் தெரு நகைக் கடைக்காரர் ஒருவர், அந்த மாதக் கடைசியில் வந்தார்.