ஃப்ளாக் மாற்றியும் மேக் கண்டுகொள்ளவில்லையா? மேக்ஃபைல் பழகுவோம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை சாயங்காலம் நாலைந்து பிள்ளைகளுக்கு சி மொழி சொல்லிக் கொடுக்கிறேன். போன வாரம் ஒரு தம்பி, "அண்ணே, -ஜி போட்டுட்டேன், ஆனா டீபக்கர்ல வரி நம்பரே வரல" என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். டீபக்கர் என்பது பிழை தேடும் கருவி; அதற்கு வரி எண்களைச் சேர்த்துக் கொடு என்று கம்பைலருக்குச் சொல்லும் குறி, அதாவது ஃப்ளாக், -ஜி. மேக் என்ற கருவி எதை எப்படிக் கம்பைல் செய்ய வேண்டும் என்று எழுதிவைக்கும் கோப்புதான் மேக்ஃபைல். அதில் -ஜி சரியாகத்தான் இருந்தது. ஆனால் அது கம்பைலர் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. அதனால் முதலிலிருந்து செய்து பார்த்துவிடுவோம்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். 'ஃப்ளாக்ஸ்', 'லிப்ஸ்' என்று முடியும் பெயர்கள் முழுக்கப் பெரிய எழுத்து. உபுண்டு வைத்திருப்பவர்கள் 'பில்ட்-எசென்ஷியல்' பொதியை நிறுவினால் ஜிசிசி கம்பைலர், மேக் இரண்டும் வந்துவிடும்.

படி 1: இரண்டு கோப்புகள்

தூரம்.சி கோப்பில், இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வாங்கி இடைப்பட்ட தூரத்தைத் தரும் ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். அதற்குள் காஸ், ஸ்கொயர் ரூட் இரண்டும் வரவேண்டும். மெயின்.சி அதைக் கூப்பிடட்டும். கோலாலம்பூருக்கு 3.139, 101.687, பினாங்கு ஜார்ஜ் டவுனுக்கு 5.414, 100.329 கொடுத்தால் நேர்கோட்டில் 294 கிலோமீட்டர் அளவில் விடை வரும்.

படி 2: மேக்ஃபைல்

சிஃப்ளாக்ஸ் = -டபிள்யூஆல்
மெயின்: மெயின்.ஓ தூரம்.ஓ

இரண்டே வரி. ஓ என்று முடிபவை, சி கோப்புகளைக் கம்பைல் செய்தால் கிடைக்கும் ஆப்ஜெக்ட் கோப்புகள்; அவற்றை இணைத்தால் மெயின் என்ற நிரல் வரும். சி கோப்பை எப்படிக் கம்பைல் செய்வது என்பது மேக்குக்கு ஏற்கெனவே தெரியும். -டபிள்யூஆல் எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்கிறது; டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து. இதை ஒருபோதும் எடுக்காதீர்கள், பாதிப் பிழையை அதுவே சொல்லிவிடும்.

மேக் என்று அடியுங்கள். 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ் டு காஸ்' என்று திட்டும். கணித லைப்ரரியைச் சேர்க்கவில்லை, அதுதான் காரணம். அதைச் சேர்க்கச் சொல்லும் -எல்எம்மை நிறையப் பேர் கொண்டுபோய் சிஃப்ளாக்ஸில் போடுவார்கள். அப்படிப் போட்டால் அது கம்பைல் செய்யும் வரிக்கு மட்டும்தான் போகும்; ஆப்ஜெக்ட் கோப்புகளை இணைக்கும் வரியில் மேக் சிஃப்ளாக்ஸைச் சேர்ப்பதில்லை. அதற்கென்று இருக்கும் இடத்தில் போட்டுவிட்டு மறுபடி மேக் அடியுங்கள், மெயின் உருவாகிவிடும்:

எல்டிலிப்ஸ் = -எல்எம்

இன்க்ளூட் பாதை சொல்லும் பெரிய ஐ, மேக்ரோ வரையறுக்கும் பெரிய டி இரண்டும் சிபிபிஃப்ளாக்ஸுக்குப் போகும்.

படி 3: -ஜி சேர்ப்போம்

சிஃப்ளாக்ஸ் வரியில் -ஜியைச் சேர்த்துவிட்டு மறுபடி மேக் அடியுங்கள். 'மெயின் அப் டு டேட்' என்று பதில் வரும். தம்பி மாட்டியது இங்கேதான்.

1976-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக்கை எழுதினார். அன்றிலிருந்து அது பார்ப்பது நேரத்தை. மெயின்.சியைவிட மெயின்.ஓ புதியதா? புதியது என்றால் வேலை இல்லை. எந்த ஃப்ளாக்கோடு அந்த ஓ கோப்பு உருவானது என்று அது குறித்து வைப்பதில்லை. நீங்கள் திருத்தியது மேக்ஃபைலை. அதைச் சார்ந்திருக்கிறேன் என்று எந்த ஓ கோப்பும் சொல்லவில்லை. சொல்ல வைப்போம்:

மெயின்.ஓ தூரம்.ஓ: மேக்ஃபைல்

இந்த வரியைக் கடைசியில் சேர்த்துவிடுங்கள். இனி மேக்ஃபைலைத் தொட்டாலே எல்லாம் புதிதாகக் கம்பைல் ஆகும். பெரிய புராஜெக்டில் இதற்கு நேரம் பிடிக்கும்தான். ஆனாலும் பழைய ஓ கோப்போடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

படி 4: டெர்மினலிலிருந்து ஃப்ளாக்

வேகமான பதிப்பு வேண்டும் என்றால்:

மேக் -பி சிஃப்ளாக்ஸ்=-ஓ2

பி, ஓ இரண்டும் பெரிய எழுத்து. சின்ன ஓ போட்டால், வெளியீட்டுக் கோப்பின் பெயரைச் சொல்கிறீர்கள் என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். -பி எல்லாவற்றையும் கட்டாயமாக மறுபடி செய்யச் சொல்கிறது. இங்கே மேக்ஃபைல் மாறவில்லை, அதனால் படி 3-இல் சேர்த்த வரி உதவாது, -பி வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. டெர்மினலில் கொடுத்த மதிப்பு, கோப்பில் இருக்கும் சிஃப்ளாக்ஸ் வரியை முழுக்கத் தள்ளிவிடும். -ஜியோடு -டபிள்யூஆல்லும் போய்விடும். எச்சரிக்கை எப்போதும் இருக்க வேண்டும் என்றால் சிஃப்ளாக்ஸில் -ஜியை மட்டும் வைத்துவிட்டு, அதன் கீழே இதை எழுதுங்கள்:

ஓவர்ரைடு சிஃப்ளாக்ஸ் += -டபிள்யூஆல்

சரி, ஃப்ளாக் போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்? மேக் -என் -பி என்று அடியுங்கள், என் மட்டும் சின்ன எழுத்து. எதையும் இயக்காமல், இயக்கப்போகும் வரிகளை மட்டும் காட்டும். தம்பியின் லேப்டாப்பில் அப்படிப் பார்த்தபோது கம்பைல் செய்யும் ஒவ்வொரு வரியிலும் -ஜி நின்றது. -என் இல்லாமல் ஓடவிட்டோம், டீபக்கரில் வரி நம்பர் வந்தது.